டிராயிங்கில் ஏன் அந்த அளவு?

காலை ஐந்தரை மணிக்கு மணிமங்கலம் நிறுத்தத்தில் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்று ஒரகடத்துக்கு, ஒன்று இருங்காட்டுக்கோட்டைக்கு, ஒன்று வல்லம் வடகாலுக்கு. கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டிபன் பை, கண்ணில் பாதித் தூக்கம். ஏறுகிறவர்களில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள், டிப்ளமோ முடித்தவர்கள் நிறைய. அவர்களில் ஏர் டக்ட், இன்டர்கூலர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்ட் என்று எஞ்சினின் மூச்சுக்குழல் பாகங்களைச் செய்கிற யாராவது இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இந்தக் குழாய் ஏன் 50 மி.மீ.? ஏன் 45 இல்லை, ஏன் 60 இல்லை?"

பெரும்பாலும் வரும் பதில்: "டிராயிங்ல அப்படித்தான் இருக்கு."

அந்தப் பதிலில் தவறில்லை. டிராயிங்கை மீறாமல் வேலை செய்வதுதான் உற்பத்தியின் ஒழுக்கம். ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிட்டால் வாழ்நாள் முழுக்க லைனிலேயே நிற்க நேரும். ஏன் என்று கேட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்தான் ஒருநாள் டிராயிங் போடும் மேசைக்குப் போகிறார். அந்தக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த வாயுச் சமன்பாடும், வட்டத்தின் பரப்பளவும், செல்போனில் உள்ள கால்குலேட்டரும் போதும்.

நம் வட்டாரத்துக்கு இது ஏன் முக்கியம்?

எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்று போதாதபோது, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவார்கள். பெல்ட் வழியாக எஞ்சினே சுழற்றும் அழுத்தி சூப்பர்சார்ஜர். புகை வேகத்தால் சுழலும் அழுத்தி டர்போசார்ஜர். டர்போவுக்கு சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905-இல் காப்புரிமை பெற்றார். சூப்பர்சார்ஜர் பொருத்திய கார்களை மெர்சிடிஸ் 1921-இல் பெர்லின் கண்காட்சியில் வைத்தது. அந்தக் குடும்பத்தின் பாரத்பென்ஸ் லாரிகள் 2012 முதல் நம் ஒரகடத்திலேயே உருவாகின்றன. அத்தனையும் டர்போ டீசல்.

கார்களிலும் அதே போக்குதான். ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட், ரெனோ கைகர் கார்களில் 999 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் வருகிறது. திறன் 100 குதிரை. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வந்த ஹூண்டாய் வென்யூவில் 998 சிசி டர்போ, 120 குதிரை. ஒரு லிட்டர் எஞ்சின் முன்பு ஒன்றரை லிட்டர் எஞ்சின் இழுத்த இழுப்பை இழுக்கிறது. அந்த மாயம் நடப்பது காற்றுப் பாதையில். அந்தப் பாதையின் ஒவ்வொரு பாகத்தையும் யாரோ ஒருவர் அளவு பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்த யாரோ ஒருவராக நீங்கள் ஆக வேண்டும்.

படி 1: முதலில் காற்றைக் கணக்கிடுங்கள்

குழாயைக் கையில் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றே: முழு வேகத்தில் இந்த எஞ்சின் ஒரு நொடிக்கு எத்தனை கிராம் காற்று கேட்கிறது?

999 சிசி எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 5,000 சுற்றில் ஓடுகிறது. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் சிலிண்டர்கள் முழுதாக நிரம்பும். ஆகவே நிமிடத்துக்கு 2,500 தடவை, தடவைக்கு ஒரு லிட்டர்: சுமார் 2,500 லிட்டர். சிலிண்டர் நூற்றுக்கு நூறு நிரம்பாது. 90 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால் 2,250 லிட்டர். நொடிக்கு 37.5 லிட்டர்.

இது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தப்பட்ட காற்றின் அளவு. அதன் எடை என்ன? டர்போ ஒரு பார் பூஸ்ட் தருகிறது, அதாவது மொத்த அழுத்தம் 2 பார் என்றும், அழுத்தியதால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 50 டிகிரி செல்சியஸ் என்றும் வைத்துக்கொள்வோம். (பூஸ்டும் வெப்பநிலையும் நான் கணக்குக்காக எடுத்தவை, கம்பெனி தரும் எண்கள் அல்ல.) அழுத்தத்தைக் காற்றின் வாயு மாறிலியான 287-ஆலும் கெல்வின் வெப்பநிலையாலும் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்: 2,00,000 ÷ (287 × 323). விடை 2.16. ஒரு லிட்டர் காற்று 2.16 கிராம். 37.5 லிட்டருக்கு 81 கிராம்.

நொடிக்கு 81 கிராம். இந்த எண்ணை நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இனி எல்லாம் இதிலிருந்துதான்.

கணக்கு சரியா என்று உடனே சோதிக்கலாம். 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல் என்றால் 81 கிராமுக்கு 5.5 கிராம் பெட்ரோல். கிராமுக்குச் சுமார் 43 கிலோஜூல் வெப்பம். அதில் 30 சதவீதம் கிராங்க் தண்டைச் சுழற்றும் வேலையாக மாறினால் 71 கிலோவாட். அதாவது 97 குதிரை. அந்த எஞ்சினுக்குச் சொல்லப்படும் திறன் 100. பிளஸ் ஒன் இயற்பியல் நம்மை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. நினைவில் வைக்க ஓர் எளிய வாய்பாடு: நொடிக்கு 8 கிராம் காற்றுக்குச் சுமார் 10 குதிரை.

படி 2: அழுத்தியின் முன்பக்கம்

காற்று முதலில் கடப்பது வாய், ஃபில்டர், அழுத்திவரை போகும் குழாய். இங்கே காற்று இன்னும் அழுத்தப்படவில்லை, அதனால் இடம் அதிகம் கேட்கும். மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில் ஒரு லிட்டர் காற்று 1.13 கிராம்தான். 81 கிராமுக்கு நொடிக்கு 72 லிட்டர் உள்ளே வர வேண்டும். (25 டிகிரியில் அதே லிட்டர் 1.19 கிராம் இருக்கும். வெயிலில் வண்டி சற்றே சோம்புவதற்குக் காரணம் இந்த ஐந்து சதவீதம்.)

72 லிட்டரைக் குழாயின் குறுக்குப் பரப்பால் வகுத்தால் காற்றின் வேகம் கிடைக்கும். 60 மி.மீ. உள்விட்டக் குழாயில் நொடிக்கு 25 மீட்டர். 50 மி.மீ. குழாயில் 37 மீட்டர். 40 மி.மீ. குழாயில் 57 மீட்டர். அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 50-லிருந்து 40-க்கு இறங்கினால் வளைவுகளில் ஆகும் இழப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகிவிடும். பத்து மி.மீ. குறைத்தோம், அவ்வளவுதானே என்று எண்ணுகிற இடம் இதுதான். இயற்பியல் அப்படி எண்ணுவதில்லை.

இந்த முன்பக்கத்தில் நான் கைக்கொள்ளும் வரம்பு நொடிக்கு 30-லிருந்து 40 மீட்டர். நம் எஞ்சினுக்கு 50 மி.மீ. விளிம்பில் நிற்கிறது, 55 நிம்மதி, 60 தாராளம். அதற்கு மேலே போனால் பானெட்டுக்குள் இடம்தான் வீண்.

முன்பக்க இழப்பு மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது? உறிஞ்சும் பக்கத்தில் 5 கிலோபாஸ்கல் குறைந்தால் டர்போவுக்குக் கிடைப்பது 1 பார் அல்ல, 0.95 பார். அதே 2 பாரைத் தொட அது 2 மடங்கு அல்ல, 2.1 மடங்கு அழுத்த வேண்டும். கூடுதல் சுழற்சி, கூடுதல் சூடு, குறைந்த ஆயுள். பின்பக்கத்தில் தவறினால் கொஞ்சம் காற்றுதான் போகும். முன்பக்கத்தில் தவறினால் டர்போவின் உழைப்பே கூடிவிடும்.

ஃபில்டரை விட்டத்தால் அளக்காதீர்கள். மடிப்புகளை விரித்தால் எவ்வளவு பரப்பு வரும் என்று பாருங்கள். புதிதாக இருக்கும்போது எல்லா ஃபில்டரும் நன்றாகத்தான் விடும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் ஆறு மாதம் ஓடிய பிறகு எப்படி விடுகிறது என்பதே கேள்வி. பல டர்போ டீசல் எஞ்சின்களுக்கு, ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டிய எல்லையாக 25 அங்குல நீர்மட்டத்தைச் சொல்வார்கள். அது 635 மி.மீ., 6.2 கிலோபாஸ்கல். புழுதி நாட்டில் ஃபில்டரை ஒரு அளவு பெரிதாக எடுப்பது ஆடம்பரம் அல்ல.

காற்றின் வாயை எங்கே வைப்பது? குளிர்ந்த காற்று வேண்டும் என்று சிலர் பம்பருக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு கணக்கு பாருங்கள். 333 சிசி சிலிண்டர், அழுத்த விகிதம் 10-க்கு 1 என்றால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் 37 மில்லி. டீக்கடை கிளாஸில் பாதிகூட இல்லை. அவ்வளவு தண்ணீர் உள்ளே போனாலே பிஸ்டனுக்கு நகர இடமில்லை. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நம் ஊரில் காற்று வாயின் உயரமும் அளவுத் தேர்வில் ஒரு பகுதிதான்.

படி 3: அழுத்தியின் அளவு

பெரிய டர்போ போட்டால் பெரிய சக்தி என்பது பட்டறைப் பேச்சு. கம்ப்ரஸர் மேப் என்ற வரைபடம் வேறு சொல்லும். கிடை அச்சில் காற்றின் அளவு, செங்குத்து அச்சில் அழுத்த விகிதம். இடது ஓரத்தில் சர்ஜ் கோடு: காற்று குறைவு, அழுத்தம் அதிகம், காற்று பின்னோக்கித் திரும்பி, டர்போ விட்டுவிட்டு இருமுவது போல ஒலிக்கும். வலது ஓரத்தில் சோக் எல்லை: இதற்கு மேல் எவ்வளவு சுற்றினாலும் காற்று கூடாது, சூடுதான் கூடும். நடுவில் தீவுகள் போல வளையங்கள். உள்வளையத்தில் திறன் அதிகம்.

உங்கள் எஞ்சினின் புள்ளிகளை அந்த வரைபடத்தில் வையுங்கள். 5,000 சுற்றில் 81 கிராம், விகிதம் 2. 2,000 சுற்றில் அதே விகிதம் என்றால் சுமார் 32 கிராம். இரண்டு புள்ளிகளும் சர்ஜ் கோட்டுக்கு வலதுபக்கமும் சோக்குக்கு இடதுபக்கமும் விழ வேண்டும். நகரத்தில் ஓடுகிற வண்டிக்கு இரண்டாவது புள்ளிதான் உயிர். தாம்பரம் நெரிசலில் யாரும் 5,000 சுற்றில் ஓட்டுவதில்லை.

'டிரிம்' என்ற சொல்லும் காதில் விழும். கம்ப்ரஸர் சக்கரத்தில் காற்று நுழையும் விட்டத்தின் வர்க்கத்தை, வெளியேறும் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் டிரிம். 38 மி.மீ., 49 மி.மீ. என்றால் 60. சக்கரத்தைப் பார்த்தவுடன் வெர்னியரால் அளந்து மனக்கணக்காகச் சொல்கிற இளைஞரை எந்த மேலாளரும் திரும்பிப் பார்ப்பார்.

பெல்ட்டால் சுழலும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜருக்குக் கணக்கு இன்னும் எளிது, ஏனென்றால் அது ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளும். பழைய மினி கூப்பர் எஸ் காரின் 1.6 லிட்டர் எஞ்சினில் ஈட்டன் எம்45 இருந்தது. 45 என்பது சுற்றுக்கு 45 கன அங்குலம், சுமார் 737 சிசி. எஞ்சின் ஒரு சுற்றுக்கு 800 சிசி விழுங்கும். புல்லி விகிதம் 2 என்று வைத்தால் அழுத்தி தள்ளுவது 1,474 சிசி. 800 கொள்ளும் இடத்தில் 1,474 என்றால் 1.84 மடங்கு, கசிவும் சூடும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும். சின்ன புல்லி மாட்டி வேகத்தைக் கூட்டினால், அன்றே முன்பக்கக் குழாயையும் ஃபில்டரையும் திரும்பக் கணக்கிட வேண்டும். புல்லியை மட்டும் மாற்றிவிட்டு பூஸ்ட் ஏறவில்லையே என்று தலையைச் சொறிவது இந்தப் பாடத்தைத் தவறவிட்டதால்.

படி 4: அழுத்தியின் பின்பக்கம்

காற்றை அழுத்தினால் சூடாகும். 40 டிகிரியில் நுழைந்த காற்று, 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரில் இரண்டு மடங்கு அழுத்தப்பட்டு வெளியே வரும்போது சுமார் 138 டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் 1.70 கிராம். இன்டர்கூலர் அதை 50 டிகிரிக்கு இறக்கினால் 2.16. இன்டர்கூலர் இல்லையென்றால் ஐந்தில் ஒரு பங்கு காற்று போய்விடும்.

கம்ப்ரஸரிலிருந்து இன்டர்கூலர் வரை சூட்டுப் பக்கம். அங்கே நொடிக்கு 48 லிட்டர், 40 மி.மீ. குழாயில் 38 மீட்டர் வேகம். இன்டர்கூலருக்குப் பின் 37.5 லிட்டர், 45 மி.மீ. குழாயில் 24 மீட்டர். முன்பக்கத்தைவிடப் பின்பக்கக் குழாய் சிறியதாக இருப்பதற்கு இதுதான் காரணம்: காற்று ஏற்கெனவே சுருங்கிவிட்டது.

இங்கே பெரிதாக எடுத்தால் ஒரு தண்டனை உண்டு. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பட்டறையில் 50 மி.மீ. குழாய்களைக் கழற்றி 63 மி.மீ. மாட்டினோம். பார்க்கப் பிரமாதம். வண்டி எடுத்த எடுப்பில் பிக்கப் செத்துவிட்டது. 63 மி.மீ. குழாயின் கொள்ளளவு 59 சதவீதம் அதிகம். ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் டர்போ அந்தக் கூடுதல் இடத்தையும் நிரப்ப வேண்டும். போதாததற்கு 63-லிருந்து த்ராட்டில் பாடியின் 50-க்குப் படி போல ஒரே வெட்டாக இறக்கியிருந்தோம். காற்று அந்தப் படியில் மோதிச் சுழன்றது. பழைய குழாயைத் திரும்ப மாட்டிய அன்றுதான் நான் முதன்முதலாகத் தாளும் பேனாவும் எடுத்தேன்.

த்ராட்டில் பாடிக்கும் அதே நீதி. பெரிய தட்டு வைத்தால் பெடலை அரை அங்குலம் மிதித்தாலே முக்கால்வாசிக் காற்று போய்விடும். நெரிசலில் வண்டி குதிக்கும். மிதியின் முழு நீளமும் பயன்படும் அளவே சரியான அளவு.

படி 5: விட்டம் மட்டும் அளவு அல்ல

மூன்று இடங்களில் புதியவர்கள் சறுக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஒன்று, உள்விட்டமும் வெளிவிட்டமும். 50 மி.மீ. பைப் என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் பெரும்பாலும் அது வெளிவிட்டம். சுவர் 2 மி.மீ. என்றால் உள்ளே 46. பரப்பு 15 சதவீதம் போயிற்று. அதே காற்றுக்கு இழப்பு 40 சதவீதம் கூடிற்று. ஹோஸுக்கோ உள்விட்டமே பெயர், ஏனென்றால் அது பைப்பின் மேலே ஏறி உட்காரும். கேட்கும்போதே "ஐ.டி.யா, ஓ.டி.யா?" என்று கேளுங்கள்.

இரண்டு, வாயின் வடிவம். அறுத்தபடி விட்ட கூர்விளிம்பு வாயை மணி வாய் போல வளைத்துவிட்டால் நுழைவு இழப்பு பத்தில் ஒன்றாகக் குறையும். விட்டம் மாறவே இல்லை. வளைவுகளின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் செய்து ஓட்டும் ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிகளில் பெட்ரோல் வண்டிகளின் மொத்தக் காற்றும் 20 மி.மீ. துளை ஒன்றின் வழியாகவே போக வேண்டும் என்று விதி. அந்தத் துளையில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் நொடிக்குச் சுமார் 74 கிராமைத் தாண்டாது. நம் 100 குதிரை எஞ்சின் கேட்பது 81. துளைக்குப் பின்னால் குழாயை மெல்ல மெல்ல விரித்து, இழந்த அழுத்தத்தைத் திரும்பப் பெறும் அணியே முன்னால் போகிறது. இருபது மி.மீ.க்குள் எவ்வளவு படிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

மூன்று, சென்சார். ஏர்ஃப்ளோ சென்சார் காற்றின் மொத்தத்தை நேராக அளப்பதில்லை; தான் இருக்கும் குழாயின் விட்டத்தை நம்பி, தன்மேல் படும் காற்றை வைத்துக் கணக்கிடுகிறது. பட்டறைகளில் நூல் கணக்கு இன்னும் பழக்கத்தில் உண்டு. ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம், 3.2 மி.மீ. சென்சார் உள்ள 60 மி.மீ. குழாயை ஒரே ஒரு நூல் பெரிதாக்கினால் பரப்பு 11 சதவீதம் கூடும், வேகம் 10 சதவீதம் குறையும். காற்று குறைந்துவிட்டது என்று எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யூ. நம்பும், பெட்ரோலைக் குறைக்கும். பூஸ்டில் ஓடுகிற எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும் அளவுக்குப் போகலாம். சென்சார் இருக்கும் துண்டைத் தொடாதீர்கள்.

படி 6: அளந்து பாருங்கள்

கணக்கு ஒரு கண் என்றால் அளவை மறு கண். விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை இரண்டு மீட்டர் வாங்கி 'யு' வடிவில் பலகையில் கட்டி, பாதிவரை நிறத்தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இணையுங்கள். மறு முனை திறந்திருக்கட்டும். சோதனை மேடையில் முழுச் சுமையில் இரண்டு பக்க நீர்மட்ட வித்தியாசம் எத்தனை மி.மீ. என்று படியுங்கள். ஃபில்டருக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எடுத்தால் எந்தப் பாகம் எவ்வளவு தின்கிறது என்று தண்ணீரே காட்டிவிடும். சூப்பர்வைசரின் அனுமதியோடு, பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிந்து செய்யுங்கள். பின்பக்கத்துக்கு இது ஆகாது. அங்கே பூஸ்ட் தண்ணீரைத் தூக்கி வெளியே வீசிவிடும், பிரஷர் கேஜ்தான் வேண்டும்.

அளவு எல்லாம் சரியாக இருந்தும் பூஸ்ட் குறைகிறதா? முதலில் கிளாம்ப். பிறகு ஹோஸின் உட்புறம். எண்ணெய் ஆவி பட்டு ரப்பர் ஊதியிருக்கும். ஊதிய ஹோஸும் சிறிய குழாய்தான்.

எல்லையும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கணக்கை உங்கள் சொந்த வண்டியில் காட்டக் கிளம்பாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பழகுவதற்குப் போட்டிக் களம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் 1990-லிருந்து நம் வாசலிலேயே இருக்கிறது. ரேஸ் அணிகளோடு ஒரு வார இறுதி கைக்கு உதவியாக நின்றால் ஒரு பருவப் பாடம் கிடைக்கும்.

வேலை எங்கே, வழி எது?

காற்றுப் பாதையைச் சுற்றிப் பல வேலைகள் உண்டு. பாகம் செய்யும் லைன். லீக் டெஸ்ட்டும் அளவுச் சோதனையும் பார்க்கும் குவாலிட்டி. அச்சு செய்யும் டூல் ரூம். டிராயிங் போடும் டிசைன். கணினியில் காற்றோட்டம் பார்க்கும் சிமுலேஷன். எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பெட். லைனிலிருந்து குவாலிட்டிக்கும், குவாலிட்டியிலிருந்து டெஸ்டிங்குக்கும் போவது இந்த வட்டாரத்தில் நடக்கக்கூடிய பாதை.

ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 1961-இன் அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி கிடைக்கும். டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களின் பயிற்சிக்குத் தரமணியில் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது. இன்றைய மேனிஃபோல்டுகளில் பெரும்பாலானவை கண்ணாடி இழை கலந்த நைலான். அந்தப் பக்கம் ஆர்வம் இருந்தால், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் கிண்டி சிப்பெட். மேலே படிக்க ஆசைப்பட்டால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் துறை. 1949-இல் தொடங்கிய கல்லூரி. மணிமங்கலத்திலிருந்து ஒரு பஸ் மாறினால் போய்விடலாம். கல்லூரியில் இருப்பவர்கள் 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் டிசைன் மென்பொருள் பயிற்சி உண்டா என்று பாருங்கள்.

நேர்காணலில் சான்றிதழை நீட்டுவதற்கு முன் ஒரு நோட்டை நீட்டுங்கள். பத்து எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம்: சிசி, சுற்று, பூஸ்ட், கிராம் கணக்கு, மூன்று குழாய்களின் விட்டம், வேகம், குதிரைத்திறனோடு ஒப்பீடு. பத்துப் பக்கம் போட்டவர் "உனக்கு டர்போ தெரியுமா?" என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்லத் தேவையில்லை. ஒரு கண்டிப்பு மட்டும்: கம்பெனி டிராயிங்கை நகல் எடுக்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள். வெளியில் அச்சான விவரங்கள் போதும். நம்பிக்கையை இழந்தவருக்கு எந்தத் திறமையும் உதவாது.

மின்சார வண்டி வந்துவிட்டதே, இதைப் படித்து என்ன பயன் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான பயம். ஆனால் ஹைட்ரஜன் ஃப்யூவல் செல்லுக்கும் காற்றை அழுத்தித்தான் ஊட்ட வேண்டும். ஹைட்ரஜனில் ஓடும் எஞ்சின் லாரியை அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் 2023 பிப்ரவரியில் காட்டின; லேசான அந்த வாயு இன்டேக்கில் இடத்தை அடைத்துக்கொள்வதால் அங்கே டர்போவின் வேலை இன்னும் கூடுகிறது. பேட்டரியைக் குளிர்விக்கும் குழாயில் ஓடுவது காற்றில்லை, திரவம்; ஆனால் பரப்பு, வேகம், இழப்பு என்ற கணக்கு அதேதான். குழாய் இருக்கும்வரை இந்தப் படிப்பு இருக்கும்.

நாளைக் காலை ஷிப்டில் உங்கள் கைக்கு முதலில் வரும் குழாயை லைனில் போடுவதற்கு முன் ஒரு கணம் நிறுத்துங்கள். வெர்னியரை உள்ளே வைத்து உள்விட்டம் பாருங்கள். அது எந்த எஞ்சினுக்குப் போகிறது என்று சூப்பர்வைசரைக் கேளுங்கள். மதிய உணவு இடைவேளையில் அந்த எஞ்சினின் கிராம் கணக்கைப் போடுங்கள். மாலை பஸ் மணிமங்கலத்தில் நிற்கும்போது, அந்தக் குழாய் ஏன் அந்த அளவு என்று டிராயிங்கைப் பார்க்காமலே உங்களால் சொல்ல முடியும்.